82 கையெழுத்துகள்: கடினமான ஆசிரியரை மாணவர்கள் எப்படி மதிப்பிடுவது?

2022ஆம் ஆண்டின் முற்பகுதி. அமெரிக்காவின் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் படித்த சுமார் 350 மாணவர்களில் 82 பேர் ஒரு மனுவில் கையெழுத்திட்டார்கள். பாடம் அளவுக்கு மீறிக் கடினமாக இருக்கிறது, தாங்கள் செலவிட்ட நேரத்திற்கும் உழைப்புக்கும் ஏற்ற மதிப்பெண் கிடைக்கவில்லை என்பதே மனுவின் சாரம். பாடம் நடத்தியவர் பேராசிரியர் மேட்லண்ட் ஜோன்ஸ் ஜூனியர். வயது 84. அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், புதிய பருவம் தொடங்கும் தறுவாயில், பல்கலைக்கழகம் அவருடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது.

அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இச்செய்தியை வெளியிட்டதும் உலகமெங்கும் ஆசிரியர்களும் மாணவர்களும் இரண்டு அணிகளாகப் பிரிந்து வாதாடினார்கள். சோம்பேறி மாணவர்கள் ஒரு நல்லாசிரியரைப் பலியிட்டுவிட்டார்கள் என்றது ஓர் அணி. மாணவர்களைத் தோல்வியடையச் செய்வதா கற்பித்தல் என்று கேட்டது மற்றோர் அணி.

ஒரு விவரம் பலர் கண்ணில் படவில்லை. அவரை வேலையிலிருந்து நீக்குங்கள் என்று மனுவில் எங்கும் எழுதப்படவில்லை. கையெழுத்திட்ட மாணவர்கள் சிலருக்கே அந்த முடிவு வியப்பாக இருந்தது.

கெடாவில் படிவம் 4, படிவம் 5 படிக்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், லூனாஸ், பீடோங் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பிள்ளை மருத்துவராக வேண்டும், மருந்தாளுநராக வேண்டும் என்று கனவு காணும் குடும்பங்கள் உண்டு. பீடோங் செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் அந்தக் கனவைக் கண்ணெதிரே நிறுத்துகிறது. ஆனால் படிவம் 6 வழியாகப் போனாலும், சங்லூன் மெட்ரிகுலேஷன் கல்லூரி வழியாகப் போனாலும், நடுவில் கரிம வேதியியல் என்ற வாசல் ஒன்று இருக்கிறது. படிவம் 5 பாடநூலில் கார்பன் சேர்மங்கள், பாலிமர் ஆகிய இரண்டு அத்தியாயங்களில் அதன் முதல் படியை மிதித்துவிடுகிறோம். மேலே ஏற ஏற, கண்டிப்பான ஆசிரியர் ஒருவரையாவது சந்திக்காமல் இருக்க முடியாது. அப்போது அவரைப் பற்றி நாம் சொல்லும் கருத்து எந்த அளவுக்குச் சரியாக இருக்கும்?

இரு தரப்பும் சொன்னது

ஜோன்ஸ் சாதாரண ஆசிரியர் அல்லர். 1964 முதல் 2007 வரை பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். ஓய்வுக்குப் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் நியூயார்க்கில் கற்பித்தார். அவர் எழுதிய கரிம வேதியியல் பாடநூல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. ஐந்து பதிப்புகள் கண்டது. மனப்பாடத்தைக் குறைத்து, கணக்குப் போடுவதுபோல யோசித்து விடை காணும் முறையில் இப்பாடத்தைக் கற்பிக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் அவர் முன்னோடி. கற்பித்தலுக்காக விருதுகளும் பெற்றவர்.

அவர் தரப்பு வாதம் இது: பத்தாண்டுகளாகவே மாணவர்களின் கவனம் குறைந்து வருகிறது. தேர்வுக் கேள்வியைக்கூடச் சரியாக வாசிப்பதில்லை. கோவிட் காலத்தில் நிலைமை இன்னும் மோசமானது. அவரும் உடன் பணியாற்றியவர்களும் 52 விரிவுரைகளைக் காணொளியாகப் பதிவுசெய்தார்கள். அதற்குத் தம் சொந்தப் பணத்தில் 5,000 டாலருக்கு மேல் செலவழித்தார். ஆனால் மாணவர்கள் வகுப்புக்கும் வரவில்லை, காணொளியையும் பார்க்கவில்லை. ஒற்றை இலக்க மதிப்பெண்களும் பூஜ்யங்களும்கூட வந்தன.

மாணவர்கள் தரப்பிலும் திட்டவட்டமான குறைகள் இருந்தன. பருவத்தின் இடைத்தேர்வுகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. ஒன்றில் சறுக்கினால் மற்றொன்றில் ஈடுகட்டும் வாய்ப்பு போய்விட்டது. கோவிட் தொற்றியவர்கள் இணையம்வழி வகுப்பைப் பார்க்க வழியில்லை. பேராசிரியரின் பேச்சுத் தொனி தங்களைத் தாழ்வாக நடத்துவதுபோல் இருந்தது என்றும் எழுதினார்கள். நிர்வாகமோ, மாணவர் மதிப்பீட்டில் அவர் வகுப்பு மிகவும் கீழே இருந்தது என்றும், பாதியில் விலகியவர்கள் அதிகம் என்றும் சொன்னது. அவரை ஆதரித்து எழுதிய மாணவர்களும் உண்டு; வேதியியல் துறை ஆசிரியர்கள் சிலர் நிர்வாகத்தின் முடிவைக் கண்டித்தார்கள்.

யார் பக்கம் நியாயம் என்று உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். முதலில் இந்தப் பாடம் ஏன் இப்படி மாணவர்களை ஆட்டிவைக்கிறது என்று பார்ப்போம்.

காடும் பாதையும்

1828ஆம் ஆண்டில் யூரியாவைச் சோதனைக்கூடத்தில் உருவாக்கிக் காட்டிய ஜெர்மானிய அறிவியலாளர் பிரடெரிக் வோலர், பின்னர் ஒரு கடிதத்தில் கரிம வேதியியலை வெப்பமண்டலப் பெருங்காட்டுக்கு ஒப்பிட்டார். உள்ளே அதிசயங்கள் நிறைந்திருக்கின்றன. ஆனால் நுழையவே அச்சமாக இருக்கிறது என்பது அவர் கருத்து. குனோங் ஜெராய் அடிவாரக் காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒப்பீடு நன்றாகவே புரியும்.

அந்தக் காட்டுக்குள் நுழைய இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு மரத்தின் பெயரையும் மனப்பாடம் செய்வது ஒன்று. பாதை எப்படிப் போகிறது என்று புரிந்துகொள்வது மற்றொன்று. எஸ்.பி.எம். அளவில் மரங்கள் குறைவு. முதல் வழியே போதும்போலத் தோன்றும். பல்கலைக்கழகத்தில் நூற்றுக்கணக்கான வினைகள் வரும்போது அந்த வழி அடைத்துக்கொள்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். புரோப்பீன் என்பது மூன்று கார்பன் அணுக்கள் கொண்ட அல்கீன். முதல் கார்பனுக்கும் நடுக் கார்பனுக்கும் இடையில் இரட்டைப் பிணைப்பு. இதனோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால், புரோமின் ஓரத்துக் கார்பனில் ஒட்டுமா, நடுக் கார்பனில் ஒட்டுமா?

மனப்பாடம் செய்தவர் ஒரு விதியை நினைவுகூர்வார்: ஏற்கெனவே ஹைட்ரஜன் அதிகமுள்ள கார்பனுக்கே புது ஹைட்ரஜனும் போகும். 19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய அறிவியலாளர் மார்க்கோவ்னிக்கோவ் கண்ட விதி இது. ஆகவே ஹைட்ரஜன் ஓரத்துக்கு, புரோமின் நடுவுக்கு. விடை சரி.

புரிந்து படித்தவரும் இதே விடைக்குத்தான் வருவார். ஆனால் அவர் எலக்ட்ரான்களைப் பின்தொடர்ந்து வருவார். இரட்டைப் பிணைப்பில் எலக்ட்ரான்கள் அதிகம். அவை நேர்மின் தன்மையுள்ள ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்கின்றன. அப்போது ஒரு கார்பனில் எலக்ட்ரான் பற்றாக்குறை ஏற்பட்டு, அது நேர்மின்னேற்றம் பெறுகிறது. அந்தச் சுமை நடுக் கார்பனில் விழுந்தால், இருபுறமும் உள்ள கார்பன்கள் எலக்ட்ரான்களைச் சற்று விட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொள்ளும். ஓரத்துக் கார்பனில் விழுந்தால் தாங்க ஒரே ஒரு கார்பன்தான். ஆகவே சுமை நடுவில் தங்குகிறது. எதிர்மின்னேற்றமுள்ள புரோமைடு அங்கே வந்து ஒட்டுகிறது.

இப்போது கண்டிப்பான பேராசிரியர் கேள்வியைச் சற்றே மாற்றுகிறார். புரோப்பீனின் மறுமுனைக் கார்பனில் இருக்கும் மூன்று ஹைட்ரஜன்களையும் எடுத்துவிட்டு, மூன்று ஃபுளோரின்களைப் பொருத்துகிறார். ஃபுளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் கடுமையாக இழுக்கும் தனிமம். பக்கத்துக் கார்பன் விட்டுக்கொடுப்பதற்குப் பதிலாகப் பறிக்கத் தொடங்கிவிடுகிறது. நடுக் கார்பன் நேர்மின் சுமையைத் தாங்க முடியாமல் போகிறது. இம்முறை புரோமின் ஓரத்துக் கார்பனில் ஒட்டும். விதியை மட்டும் படித்தவர் நம்பிக்கையோடு தவறான விடை எழுதுவார். இரவெல்லாம் படித்தேன், படித்தது எதுவுமே வரவில்லை என்று வெளியே வந்து சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. உழைப்பு உண்மை. ஆனால் தேர்வு அளக்க வந்தது வேறொன்றை.

நம் தோட்டத்துப் பாடம்

இந்த யோசிக்கும் முறைக்கு நம் மண்ணிலேயே ஒரு சான்று இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகள் விடியுமுன் எழுந்து வெட்டிய பால்மரத்தின் பாலில் இருப்பது பாலிஐசோப்ரீன் என்ற பாலிமர். ஐந்து கார்பன்களும் எட்டு ஹைட்ரஜன்களும் கொண்ட ஐசோப்ரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்துக்கொண்டது. மலாய்த் தீபகற்பக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது கெத்தா பெர்ச்சா. அதுவும் பாலிஐசோப்ரீன்தான். அதே அணுக்கள், அதே விகிதம்.

ஆனால் ரப்பர் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கெத்தா பெர்ச்சா அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும்; வெந்நீரில் போட்டால் இளகும். 1851இல் இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைத்த கடலடித் தந்திக் கம்பிக்கு உறையாகப் போர்த்தப்பட்டது அதுதான். இன்றும் பல் மருத்துவர்கள் பல்வேரின் உட்குழியை அடைக்க அதைப் பயன்படுத்துகிறார்கள்.

வேறுபாடு எங்கே? ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பிலும் சங்கிலி எந்தப் பக்கம் தொடர்கிறது என்பதில். ரப்பரில் சங்கிலி உள்ளே வருவதும் வெளியே போவதும் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம். அதனால் சங்கிலி வளைந்து நெளிந்து, ஒன்றோடொன்று அடுக்கிக்கொள்ள முடியாமல் சுருண்டு கிடக்கிறது. கெத்தா பெர்ச்சாவில் எதிரெதிர்ப் பக்கங்கள். சங்கிலிகள் நேராக நீண்டு, விறகுக் கட்டுபோல நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இரண்டும் ஒரே பொருள். வடிவத்தைக் கற்பனை செய்து பார்ப்பவருக்கே ஒன்று கார் சக்கரத்துக்கும் மற்றொன்று பல்லுக்கும் போன காரணம் புரியும்.

கரிம வேதியியல் ஆசிரியர் மாணவரிடம் எதிர்பார்ப்பது இந்தக் கற்பனையைத்தான். அது ஒரே இரவில் வருவதில்லை.

கருத்துக் கணிப்பு எதை அளக்கிறது?

பருவ முடிவில் மாணவர்கள் ஆசிரியருக்குப் புள்ளி கொடுக்கும் வழக்கம் இன்று பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அந்தப் புள்ளியும் மாணவர் உண்மையில் கற்ற அளவும் ஒத்துப்போகின்றனவா? ஆய்வாளர்கள் இதைச் சோதித்திருக்கிறார்கள்.

அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் மாணவர்கள் தாங்கள் விரும்பும் ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல்போலப் பிரித்துவிடுவார்கள். எல்லாருக்கும் ஒரே தேர்வு. ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. ஸ்காட் கேரல், ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இருவர் அங்கு 10,000க்கும் மேற்பட்ட மாணவர்களின் விவரங்களை ஆராய்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் கணிதப் பாடத்தில் மாணவர்களுக்கு உயர்ந்த மதிப்பெண் வாங்கித் தந்த ஆசிரியர்களுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. ஆனால் அதே மாணவர்கள் அடுத்த கட்டப் பாடங்களில் பின்தங்கினார்கள். அனுபவம் மிக்க ஆசிரியர்களிடம் படித்தவர்கள் முதல் தேர்வில் சற்றுக் குறைவாக வாங்கினாலும், அடுத்த பாடங்களில் முன்னேறினார்கள். அடித்தளம் ஆழமாக விழுந்திருந்தது. ஆனால் புள்ளி கொடுக்கும் நாளில் அது வெளியே தெரியவில்லை.

2019இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் வகுப்பில் நடந்த ஆய்வு இன்னும் சுவையானது. ஒரு குழுவுக்குத் தெளிவான, சரளமான விரிவுரை. மற்றொரு குழு சிறு குழுக்களாக அமர்ந்து, தட்டுத்தடுமாறி, தாமே கணக்குகளைப் போட்டுப் பார்த்தது. பிறகு இரு குழுவுக்கும் ஒரே சோதனை. தடுமாறிய குழு கூடுதலாகக் கற்றிருந்தது. ஆனால் எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள் என்று கேட்டால், விரிவுரை கேட்ட குழுவே அதிகம் கற்றதாகச் சொன்னது. தடுமாற்றத்தைத் தோல்வி என்று மனம் தவறாக எடுத்துக்கொள்கிறது. பாடம் சரளமாகக் காதில் விழுந்தால், நமக்கே புரிந்துவிட்டதுபோல ஒரு மயக்கம் வருகிறது. இந்த உண்மையைப் பருவத் தொடக்கத்திலேயே மாணவர்களுக்குச் சொல்லிவிட்டபோது, அவர்கள் புதிய முறையை ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள் என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

கண்டிப்பு மட்டும் கற்பித்தல் ஆகாது

இதைப் படித்துவிட்டு, ஆசிரியர் எவ்வளவு கடுமையாக இருக்கிறாரோ அவ்வளவு நல்லவர் என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கடினமான கேள்வி வேறு, ஏற முடியாத சுவர் வேறு. சுவரில் ஏணி சாத்தப்பட்டிருக்கிறதா என்பதே முக்கியம்.

அறிவியல், கணிதப் பாடங்களைப் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டி 2014இல் ஒரு பெரிய அலசல் வெளிவந்தது. விரிவுரையை மட்டும் கேட்கும் வகுப்புகளில் சுமார் 34 விழுக்காட்டினர் தோற்றார்கள். மாணவர்கள் வகுப்பிலேயே விவாதித்து, கேள்விகளுக்கு விடை தேடும் முறையில் அது சுமார் 22 விழுக்காடாகக் குறைந்தது. 2020இல் வந்த மற்றோர் ஆய்வு, வறிய குடும்பங்களிலிருந்தும் சிறுபான்மைச் சமூகங்களிலிருந்தும் வந்த மாணவர்களுக்கே இந்த முறையால் கூடுதல் பயன் என்று காட்டியது. அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலிருந்த இடைவெளி கணிசமாகக் குறைந்தது.

தோட்டத்துப் பள்ளியிலிருந்து வரும் மாணவருக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் தொடங்கி, இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ தொடர்ந்து, மெட்ரிகுலேஷனில் முழுவதும் ஆங்கிலத்துக்கு மாறும் மாணவர், ஒரே இரட்டைப் பிணைப்பை மூன்று மொழிகளில் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லாமலும் இருக்கலாம். அவருக்கு எளிய கேள்வித்தாள் தேவையில்லை. எளிய கேள்வியில் வாங்கிய மதிப்பெண் அடுத்த வாசலில் செல்லாது. அவருக்குத் தேவை, போட்டுப் பார்க்கப் பயிற்சியும், எந்த இடத்தில் தவறினோம் என்று காட்டும் ஆளும், தவறினால் மீண்டும் முயல இன்னொரு வாய்ப்பும்.

இப்போது நியூயார்க் மனுவுக்குத் திரும்புவோம். அதிலுள்ள குறைகளை இரண்டு குவியலாகப் பிரிக்கலாம். மூன்று தேர்வு இரண்டாகக் குறைந்தது, நோயுற்றவர் வகுப்பைப் பார்க்க வழியில்லை, பேச்சில் மரியாதை இல்லை: இவற்றுக்கு மாணவர்களே நேரடிச் சாட்சிகள். அவர்களைவிட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. இவற்றை நிர்வாகம் காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். சிலவற்றை அடுத்த வாரமே சரிசெய்திருக்கலாம். பாடம் கடினம், மதிப்பெண் உழைப்புக்கு ஏற்றதாக இல்லை: இது இரண்டாம் குவியல். இதை மாணவர்கள் மட்டும் தீர்ப்பிட முடியாது. கேள்வித்தாளையும் விடைத்தாளையும் வேறு வேதியியல் ஆசிரியர்கள் எடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் இரண்டு குவியலையும் ஒன்றாகக் கட்டி, ஒரே கையெழுத்தில் முடித்துவிட்டது. ஆசிரியர் போனார், பாடம் அதே கடினத்தோடு அங்கேயே இருக்கிறது.

நமக்கும் ஒருநாள் கருத்துக் கேட்கும் தாள் கைக்கு வரும். ஆசிரியர் நல்லவர், மோசம் என்று ஒரே சொல்லில் எழுதுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ளலாம். தேர்வில் வந்த யோசிக்கும் முறை வகுப்பில் காட்டப்பட்டதா? பயிற்சிக் கேள்விகளை விடையைப் பார்க்காமல் நான் போட்டுப் பார்த்தேனா? என் தவறு எந்தப் படியில் நடந்தது என்று யாராவது சொன்னார்களா? நான் கேட்டேனா? இவற்றுக்கான விடைகளை எழுதினால், அந்தத் தாள் ஆசிரியருக்கும் பயன்படும், அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகளுக்கும் பயன்படும்.

இந்த வாரக் கேள்வி

மூன்று நான்கு நண்பர்கள் சேர்ந்து முயன்று பாருங்கள். மங்கில் விட்டுவைத்த ரப்பர் பால் யாரும் எதுவும் சேர்க்காமலே உறைந்து கட்டிப்பாலாகிறது. ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் விரைவில் உறைகிறது. அம்மோனியா சேர்த்தாலோ உறைவதில்லை. பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்களைச் சுற்றி எதிர்மின்னேற்றமுள்ள புரோட்டீன் உறை இருக்கிறது என்ற ஒரே ஒரு குறிப்பு உங்களுக்குத் தரப்படுகிறது. இந்த மூன்று நிகழ்வுகளையும் அதிலிருந்தே விளக்குங்கள். விடை படிவம் 5 பாடநூலில் இருக்கிறது. அதைத் திறப்பதற்கு முன் பத்து நிமிடமாவது தடுமாறுங்கள்.